பதில் போட்டவர்கள்

1886ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்தார். காரியங்கள் முடிந்த கையோடு, தங்கை லவினியா அக்காளுக்கு வந்திருந்த கடிதங்களை எடுத்துப் போட்டு எரித்தார். இதில் கொடுமை ஒன்றும் இல்லை. இறந்தவருக்குப் பிறத்தியார் எழுதிய கடிதங்களை எரித்துவிடுவது அன்றைய நியூ இங்கிலாந்தில் கௌரவமான குடும்பங்களின் வழக்கம். அக்காளின் விருப்பமும் அதுவே. அதன் பிறகுதான் அக்காளின் அறையில் கவிதைகள் கைக்கு அகப்பட்டன: தாளை மடித்து ஓரத்தில் நூல் கோத்துத் தைத்த 40 சிறு ஏடுகள், அவை போக ஏராளமான உதிரித் தாள்கள். இவற்றை என்ன செய்வது என்று அக்காள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. லவினியா எரிக்கவில்லை.

ஏறக்குறைய 1,800 கவிதைகள் இப்படிப் பிழைத்தன. எமிலி எழுதிய கடிதங்களும் ஓரளவு பிழைத்தன, அவை அடுத்தவர் வீட்டு மேசை அறைகளில் இருந்ததால். தாமஸ் ஜான்சனும் தியோடோரா வார்டும் 1958இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பில் 1,049 கடிதங்கள். கிறிஸ்டான் மில்லரும் டோனல் மிட்செலும் 2024இல் கொண்டுவந்த பதிப்பில் 1,304. அவர் வாழ்நாளில் எழுதியதில் இது சிறு பங்குதான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவருக்கு எழுதப்பட்டவையோ, தப்பித்தவறிக் கிடைத்த சிலவற்றைத் தவிர, சாம்பல்.

இதன் விளைவை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன். டிக்கின்சனின் நண்பர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். அந்தத் தரப்போ மொழியில் யாரும் எதிரே நிற்க முடியாத தரப்பு. அவருடைய நாலு வரிக் கடிதத்துக்கு முன்னால் யார்தான் அசடாகத் தெரியமாட்டார்கள்? பெரிய கவிஞரைப் புரிந்துகொள்ளாத சிறிய மனிதர்கள் என்று ஒரு வரிசையை உண்டாக்கி, அதன் தலைமாட்டில் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனை நிறுத்தி வைத்துவிட்டோம். எனக்கு அதில் சம்மதமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹிக்கின்சனுக்கு முன் சூசனைச் சொல்ல வேண்டும்.

சூசன் கில்பர்ட் எமிலியைவிட ஒன்பது நாள் இளையவர். இருவரும் 1830 டிசம்பரில் பிறந்தவர்கள். இருபது வயதுத் தோழி, 1856இல் எமிலியின் அண்ணன் ஆஸ்டினைக் கல்யாணம் செய்துகொண்டு அண்ணியானார். அப்பா எட்வர்ட் டிக்கின்சன் தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே மகனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். ஆம்ஹெர்ஸ்டில் மெயின் தெருவில் இரண்டு வீடுகளும் இன்றும் இருக்கின்றன. நடுவில் ஒரு சின்ன நடைபாதை. இந்த நடைபாதை வழியே முப்பது வருஷம் கடிதங்கள் போய் வந்தன. தபால்தலை இல்லை. வேலையாட்களோ பிள்ளைகளோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நமக்குத் தோன்றும். எமிலிக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு யாருக்கும் அனுப்பாத அளவுக்கு, 250க்கும் மேற்பட்ட கவிதைகளை அவர் அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

1861இல் நடந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கல்லறைக்குள் உறங்குகிறவர்களைப் பற்றி எமிலி ஒரு கவிதை எழுதியிருந்தார், இரண்டு பத்தி. சூசனுக்கு இரண்டாவது பத்தி பிடிக்கவில்லை. எமிலி உடனே வேறொரு இரண்டாம் பத்தி எழுதி அனுப்புகிறார். முதலில் எழுதியதில் பறவையும் தேனீயும் இருந்தன. புதியதில் வானமும் யுகங்களும் சரிந்து விழும் முடிசூடிகளும் வருகின்றன. அளவே மாறிவிட்டது. சூசனுக்கு அதுவும் சரிப்படவில்லை. நல்லவேளையாக அவர் எழுதிய அந்தப் பதில் தப்பிப் பிழைத்தது. முதல் பத்தி தனியாகவே நிறைந்து நிற்கிறது, அதற்கு ஜோடி வேண்டியதில்லை, ஒருவேளை அதற்கு ஜோடியே கிடையாதோ என்னவோ என்கிறார். அந்த முதல் பத்தியைப் படித்துவிட்டு எப்போதும் அடுப்பருகே போய்க் குளிர்காய வேண்டியிருக்கிறது, ஆனால் இனி எனக்குச் சூடேறப்போவதில்லை என்றும் எழுதுகிறார்.

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. எமிலி இன்னொரு பாடமும் எழுதிப் பார்த்தார். அதோடு ஒரு சிறு குறிப்பு: உன் பாராட்டு எனக்குப் பெரிது, ஏனென்றால் உனக்கு விஷயம் தெரியும் என்ற பொருளில். ஒரு நாள் உன்னையும் ஆஸ்டினையும் பெருமைப்பட வைக்க முடிந்தால் என் கால்கள் உயரமாகும் என்றும் சொல்கிறார். அந்தக் கவிதை 1862 மார்ச் 1ஆம் தேதி, பெயரில்லாமல், ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன் பத்திரிகையில் வந்தது. சூசனிடம் காட்டிய பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை என்றுதான் ஊகிக்க வேண்டும். ஆறே வாரத்தில் அதே கவிதையை, திருத்திய பாடத்தோடு, முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பினார்.

ஹிக்கின்சன் அப்போது மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரில் இருந்தார். யூனிடேரியன் மதபோதகராக இருந்து, அடிமை ஒழிப்புக்காகப் பிரசங்க மேடையை விட்டவர். கலகக்காரர் ஜான் பிரவுனுக்கு ரகசியமாகப் பணம் திரட்டிக் கொடுத்த ஆறு பேரில் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கூட்டம் போட்டவர். அட்லாண்டிக் மன்த்லியின் 1862 ஏப்ரல் இதழில், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நல்ல பேனா, கறுப்பு மை, வெள்ளைத் தாள் என்று ஆரம்பிக்கிற, பத்திரிகை அலுவலகத்து யோசனைகள். அதைப் படித்துவிட்டு நாடெங்கும் இருந்து புதுக் கவிஞர்கள் அவருக்கு எழுதினார்கள். வந்ததில் பெரும்பாலானவை குப்பை.

ஏப்ரல் 15 தேதியிட்ட ஒரு கடிதத்தை அவர் வூஸ்டர் தபால் நிலையத்தில் எடுத்தார். விசித்திரமான கையெழுத்து. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி அருங்காட்சியகத்தில் கல்லில் பதிந்த ஆதிகாலப் பறவைக் காலடித் தடங்கள் இருக்கும். அவற்றைப் பார்த்து எழுதப் பழகியவர் மாதிரி இருந்தது என்று பின்னால் எழுதினார். நிறுத்தற்குறிகள் குறைவு, கோடுகள் அதிகம். கடிதத்தில் கையொப்பமே இல்லை. உள்ளே இன்னொரு சிறிய உறை, அதற்குள் ஒரு அட்டை, அட்டையில் பென்சிலால் எழுதிய பெயர். கூடவே நான்கு கவிதைகள். தன் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், மனம் தனக்கு மிக அருகில் இருப்பதால் தன்னால் பார்க்க முடியவில்லை, கேட்பதற்கும் யாரும் இல்லை என்பது கடிதத்தின் சாரம்.

கேட்பதற்கு யாரும் இல்லை என்பது உண்மையல்ல. அடுத்த வீட்டில் சூசன் இருந்தார். டிக்கின்சனின் கடிதங்களை ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். அடுத்த கடிதத்தில் இன்னும் துணிச்சலான ஒன்று: இந்தக் குளிர்காலம் வரை ஒன்றிரண்டு தவிர கவிதை எழுதியதே இல்லை என்கிறார். அதற்குள் 300 கவிதை அளவுக்கு எழுதி, பலவற்றைத் தைத்தும் வைத்தாயிற்று. வயதைக் கேட்டதற்கு நேரடிப் பதில் இல்லை. அவருக்கு அப்போது 31. புகைப்படம் கேட்டதற்கு, இப்போது ஒன்றும் கைவசம் இல்லை என்று சொல்லி, தலைமுடியையும் கண்ணையும் சொற்களால் வரைந்து அனுப்பினார். கடிதம் எழுதுகிற ‘நான்’ அவருக்கு ஒரு பாத்திரம். எதிரே இருப்பவருக்குத் தகுந்தபடி அந்தப் பாத்திரம் மாறும். ஹிக்கின்சனுக்கு அவர் மாணவி; அப்படித்தான் கையொப்பமும் இட்டார். எனக்கு ஆசானாக இருப்பீர்களா என்று அதே ஆண்டு ஜூனில் முறைப்படி கேட்டார். ஆசான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை.

ஹிக்கின்சன் என்ன சொன்னார்? அவருடைய கடிதங்கள் எரிந்துபோனதால், எமிலியின் பதில்களை வைத்துத்தான் ஊகிக்க முடியும். நடையில் வெட்டும் குலுக்கலும் இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை என்றிருக்கிறார். இப்போதைக்குப் பிரசுரம் வேண்டாம் என்றிருக்கிறார். கவிஞர் விட்மனைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை, ஆபாசம் என்று சொன்னார்கள் என்று பதில் வந்தது. எமிலி எல்லா விமர்சனத்துக்கும் நன்றி சொன்னார். கத்தி வைத்ததற்கு நன்றி, நினைத்த அளவு வலிக்கவில்லை என்ற தொனியில். பிறகு ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடுத்த கவிதையை அனுப்பினார்.

இங்கேதான் ஹிக்கின்சனைப் பரிகசிக்கிறார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர் கையில் கவிதையோடு வாசலில் வந்து நிற்க, இந்த ஆள் யாப்பு சரியில்லை என்றாராம். சரி, சொன்னார். 1862இல் அந்தக் கவிதைகளைப் பார்த்து வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டுப் பார்க்கலாம். சூசனைத் தவிர அந்த நாட்டில் அதைச் சரியாகப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்தார்கள்? தீர்ப்பைவிட முக்கியமான ஒன்றை ஹிக்கின்சன் செய்தார். பதில் போட்டார். அதற்கும் பதில் வந்தது, அதற்கும் போட்டார். அந்த ஆண்டு நவம்பரில், உள்நாட்டுப் போரில், விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்ட தெற்கு கரோலினா முதல் தன்னார்வப் படைக்குக் கர்னலாகப் போனார். போர்முனைக்கும் ஆம்ஹெர்ஸ்டிலிருந்து கடிதம் போயிற்று. 1863இல் காயம்பட்டார். 1864இல் எமிலிக்குக் கண் வியாதி வந்து, பாஸ்டனில் மருத்துவம் பார்க்க, கேம்பிரிட்ஜில் சித்தி மகள்களோடு மாதக்கணக்கில் தங்கினார்; அடுத்த ஆண்டும் அதே கதை. இத்தனைக்கும் நடுவே கடிதம் நிற்கவில்லை. 24 ஆண்டுகள். எமிலி இவருக்கு மட்டும் நூறு கவிதை அளவில் அனுப்பியிருக்கிறார்.

1869இல் ஒரு கடிதத்தில், உங்களுக்குத் தெரியாது, நீங்கள் என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று எமிலி எழுதினார். இதை மிகை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 1861, 62, 63 மூன்றும் அவர் வெறிகொண்டு எழுதிய ஆண்டுகள். என்ன துயரம் அதற்குப் பின்னால் இருந்தது என்பது வேறு விஷயம். ‘மாஸ்டர்’ என்று யாரையோ விளித்த மூன்று கடித வரைவுகள் அவருடைய காகிதங்களில் கிடைத்தன. அவர் யார் என்று கண்டுபிடிப்பதே பிழைப்பாகப் பலர் அலைந்துவிட்டார்கள்: ஃபிலடெல்ஃபியா போதகர் வாட்ஸ்வொர்த் என்றும், பத்திரிகை ஆசிரியர் போல்ஸ் என்றும். எனக்கு அந்த ஆட்டத்தில் ஆர்வமில்லை. அந்த ஆண்டுகளின் நடுவில் வெளியிலிருந்து ஒருவர் பதில் போடத் தொடங்கினார் என்பது போதும்.

சாமுவேல் போல்ஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகனின் ஆசிரியர்; உயிர்த்துடிப்பான மனிதர்; இரண்டு வீடுகளுக்கும் நண்பர். எமிலி உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்துக் கவிதைதான். அவற்றில் பாதிக்கு மேல் அவர் பத்திரிகையில் வந்தவை, எல்லாமே பெயர் போடாமல். 1866 பிப்ரவரியில் பாம்பைப் பற்றிய கவிதை ஒன்று வந்தது. எமிலி அதை வெட்டியெடுத்து ஹிக்கின்சனுக்கு அனுப்பி, இது என்னிடமிருந்து களவு போனது என்றார். அதைவிட அவருக்குக் கோபம் ஒரு நிறுத்தற்குறியில். ஒன்றாக ஓட வேண்டிய மூன்றாம், நான்காம் அடிகளை நடுவில் குறி போட்டு வெட்டிவிட்டார்களாம். தன் எழுத்துக்குப் பத்திரிகைக்காரன் போட்ட ஒரு புள்ளிக்காகத் தூக்கம் கெட்டவர்களுக்கு இது புரியும். பிரசுரத்தை அவர் ஏன் ஒதுக்கினார் என்பதற்குச் சொல்லப்படும் பெரிய தத்துவக் காரணங்களுக்கு முன்னால் இந்தச் சின்னக் காரணத்தை நான் வைப்பேன். கடிதத்தில் அனுப்பினால் கோடு கோடாகவே போய்ச் சேரும்.

போல்ஸ் ஒருமுறை ஆம்ஹெர்ஸ்ட் வந்தபோது எமிலி மாடியிலிருந்து இறங்க மறுத்தார். அவர் படிக்கட்டின் கீழே நின்று, போக்கிரியே, இதற்காகவா நான் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்தேன், உடனே இறங்கி வா என்று சத்தம் போட்டாராம். எமிலி இறங்கி வந்து உற்சாகமாகப் பேசினாராம். பிறகு எழுதிய கடிதத்தில் ‘உங்கள் போக்கிரி’ என்று கையொப்பமிட்டார். வெள்ளை உடை உடுத்திய துறவி என்ற பிம்பத்தில் மயங்கிக் கிடப்பவர்கள் இந்தக் கையொப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. எலிசபெத் ஹாலண்ட் என்ற தோழி ஒருமுறை எமிலிக்கும் லவினியாவுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிட்டார். எமிலிக்கு வந்ததே கோபம். பங்கு போட்ட பழம் பழமே இல்லை, மரியாதைக்காக நான் சதையை எடுத்துக்கொள்ளவில்லை, கொட்டை எனக்குப் பிடிக்காது என்கிற மாதிரி எழுதி, இனி இப்படிச் செய்யாதே என்றார். அவருடைய இலக்கியக் கொள்கையே இதில் இருக்கிறது. வாசகர் என்றால் ஒருவர். அந்த ஒருவருக்கென்று, அவர் பெயர் எழுதிய உறையில், சில சமயம் ஒரு பூவோடு சேர்த்து. ஒரே கவிதை சூசனுக்கு ஒரு பாடமாகவும் ஹிக்கின்சனுக்குச் சற்று வேறு பாடமாகவும் போகும். எது இறுதிப் பாடம் என்று பதிப்பாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடிதத்தின் உரைநடையிலேயே பாட்டின் சந்தம் ஓடுவதால், எங்கே கடிதம் முடிந்து எங்கே கவிதை தொடங்குகிறது என்று கோடு போடுவதும் எளிதல்ல. ஜான்சன் ஒரு இடத்தில் போட்டார், பின்வந்தவர்கள் வேறிடத்தில் போட்டார்கள்.

பாஸ்டனுக்கு வாருங்கள், எழுத்தாளர்கள் கூடுகிறார்கள், பெண்களும் வருகிறார்கள் என்று ஹிக்கின்சன் அழைத்துப் பார்த்தார். என் தகப்பனார் நிலத்தைத் தாண்டி எந்த வீட்டுக்கும் ஊருக்கும் நான் போவதில்லை என்று பதில் வந்தது. கடைசியில் அவரே போனார், 1870 ஆகஸ்ட் 16ஆம் தேதி. எட்டு வருஷக் கடிதப் பழக்கத்துக்குப் பிறகு முதல் சந்திப்பு. அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து நோயாளி மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதினார். எமிலியைப் பற்றி நேரில் கண்டவர் எழுதிய சாட்சியங்களில் இதற்கு ஈடு இல்லை.

கூடத்தில் காத்திருக்கிறார். குழந்தை ஓடிவருவது போன்ற காலடிச் சத்தம். சிவந்த தலைமுடியை நடுவகிடு எடுத்து வாரிய, அழகி என்று சொல்ல முடியாத, சிறிய உருவம். வெள்ளை உடை, நீலக் கம்பளிச் சால்வை. இரண்டு லில்லி மலர்களை அவர் கையில் வைத்து, இதுதான் என் அறிமுகம் என்கிறார். புதியவர்களைப் பார்ப்பதில்லை, என்ன பேசுவதென்று தெரியாது, பயமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று மூச்சுத் திணறலோடு சொல்கிறார். பிறகு நிறுத்தாமல் பேசுகிறார். நடுநடுவே நீங்கள் பேசுங்கள் என்பார், மறுபடியும் தானே தொடர்வார். வீட்டுக்கு ரொட்டி சுடுவது இவர்தானாம்; அப்பாவுக்கு இவர் சுட்டது மட்டும்தான் பிடிக்கும். எது கவிதை என்பதை எப்படித் தெரிந்துகொள்வேன் என்பதற்கு, உடம்பு எந்த நெருப்புக்கும் சூடேறாதபடி சில்லிட்டுப் போவதை அடையாளமாகச் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன் அடுப்பைப் பற்றிச் சூசன் எழுதிய பதிலை நினைத்துக்கொள்ளலாம். உலகம் டிக்கின்சனின் கவிதைக் கொள்கை என்று மேற்கோள் காட்டுவதில் அண்ணிக்கும் பங்கிருக்கிறது.

என் நரம்பின் சக்தியை இவ்வளவு உறிஞ்சியவரை நான் கண்டதில்லை, தொடாமலே என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார், இவர் அருகில் வசிக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம் என்று ஹிக்கின்சன் மனைவிக்கு எழுதினார். இதை வைத்தும் அவரைக் கோழை என்கிறார்கள். துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் நின்றவர், ஒரு மணி நேரப் பேச்சில் களைத்துப் போனேன் என்று மறைக்காமல் எழுதுகிறார். அதில் எனக்குத் தெரிவது நேர்மை. இவர்கள் நட்புக்குத் தூரம் ஊறு செய்யவில்லை. தூரத்தால்தான் அது நின்றது. 1873 டிசம்பரில் இன்னொரு முறை பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஹிக்கின்சன் செய்த இன்னொரு காரியம் அவருக்கே பெரிதாகத் தெரிந்திருக்காது. ரோட் தீவில் நியூபோர்ட்டில் தாம் தங்கியிருந்த விடுதியில் உடன் தங்கிய ஒரு இளம் விதவைக்கு எமிலியின் கவிதைகளைக் காட்டினார். அவர் ஹெலன் ஹன்ட். எமிலி பிறந்த அதே 1830இல் அதே ஆம்ஹெர்ஸ்டில், கல்லூரிப் பேராசிரியர் வீட்டில் பிறந்தவர். பிறகு மறுமணம் செய்துகொண்டு ஹெலன் ஹன்ட் ஜாக்சன் ஆனார். பூர்வகுடிகளுக்கு அமெரிக்க அரசு இழைத்த துரோகங்களை 1881இல் புத்தகமாக எழுதி, 1884இல் ‘ரமோனா’ நாவலை எழுதிப் புகழ்பெற்றவர். அன்றைக்கு எமிலியைவிட எத்தனையோ மடங்கு பிரபலமானவர். அவர்தான் எந்த மழுப்பலும் இல்லாமல், நீ பெரிய கவிஞர், உரக்கப் பாடாமல் இருப்பது உன் காலத்துக்கு நீ செய்யும் தவறு என்று எமிலிக்கு எழுதினார்.

பெயர் போடாத எழுத்தாளர்களின் வரிசை ஒன்றை ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகம் நடத்தியது. அதில் வரவிருந்த ஒரு தொகுப்புக்குக் கவிதை தா என்று 1876இல் ஹெலன் நெருக்கினார். தப்பிக்க வழி தேடிய எமிலி ஆசானுக்கு எழுதினார்: எனக்கு அது தகாது என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தாருங்கள், அதைக் காட்டிவிடுகிறேன். ஹிக்கின்சன் விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, கதை எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்து, கதை உங்களுக்கு ஒத்துவராது என்று பதில் போட்டார்! இந்த நட்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு வருஷம் இழுத்துக் கடைசியில் 1878 இறுதியில் வெற்றியைப் பற்றிய ஒரு கவிதை அந்தத் தொகுப்பில் வந்தது. எமர்சன் எழுதியது என்று பலர் நினைத்தார்கள். பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் அதை எமிலிக்கே எழுதித் தெரிவித்தார்.

1884இல் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த ஹெலன், உன் கவிதைகள் கட்டுக் கட்டாக இருக்குமே, நீ எனக்கு முன்னால் போனால் அவற்றை என் பொறுப்பில் விட்டுவிடு என்று கேட்டார். எமிலியின் பதிலில் முறிந்த காலைப் பற்றி அனுதாபம் இருந்தது, கவிதைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹெலனே முந்திக்கொண்டார். அவர் இருந்திருந்தால் பின்னால் நடந்த அலங்கோலம் நடந்திருக்காது.

அந்த அலங்கோலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி வானவியல் பேராசிரியரின் மனைவி மேபல் லூமிஸ் டாட் 1881இல் ஊருக்கு வந்தார். அடுத்த ஆண்டே அவருக்கும் ஆஸ்டினுக்கும் காதல். மேபல் எமிலி வீட்டுக் கூடத்தில் பியானோ வாசிப்பார். எமிலி கண்ணில் படாமல் கேட்டுவிட்டு ஒரு குவளை ஒயினும் ஒரு கவிதையும் கொடுத்தனுப்புவார். இருவரும் நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. எமிலி இறந்தபின் லவினியா கவிதைகளை முதலில் சூசனிடம்தான் கொடுத்தார். சூசன் தாமதம் செய்ய, பிடுங்கி மேபலிடம் கொடுத்தார். மேபல் உழைத்துப் படியெடுத்தார். அந்தக் கையெழுத்தைப் படிப்பது லேசான வேலையல்ல. ஆனால் 1894இல் அவர் பதிப்பித்த கடிதத் தொகுதிகளில் சூசன் என்ற ஆளே இல்லை. ஆஸ்டினுக்கு எமிலி எழுதிய பழைய கடிதங்களில் சூசனின் பெயர் வரும் இடங்கள் சுரண்டியும் மை பூசியும் வெட்டியும் அழிக்கப்பட்டிருக்கின்றன. யார் கை அது என்பதில் விவாதம் உண்டு, யாருக்காக என்பதில் இல்லை. சூசனுக்கு எழுதியவை மட்டுமே தனி நூலாகப் பொதுவாசகர் கைக்கு வர 1998 ஆகிவிட்டது. லவினியாவின் தீ அன்றைய வழக்கம். இது வழக்கம் அல்ல.

1883 அக்டோபரில் சூசனின் கடைக்குட்டி கில்பர்ட், எட்டு வயது, டைஃபாய்டில் இறந்தான். பல ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுப் படி மிதிக்காத எமிலி அன்றிரவு போனார். திரும்பி வந்து தாமும் நோயில் விழுந்தார். அதன் பின் சூசனுக்கு எழுதிய கடிதம் அவருடைய உரைநடையில் உச்சம் என்பது என் கணிப்பு. எமிலி இறந்தபோது உடலைக் குளிப்பாட்டி உடுத்தியதும், ரிபப்ளிகன் பத்திரிகைக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியதும் சூசன்தான்.

கடைசி வாரங்களில் எமிலி ஹிக்கின்சனுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அவர் உடல்நலமில்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நண்பர் மூச்சு விடுகிறாரா என்று கேட்கிறார். 1862இல் தன் கவிதைக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டவர். மே 19ஆம் தேதி ஹிக்கின்சன் அடக்கத்துக்கு வந்து, எமிலிக்குப் பிடித்த எமிலி ப்ராண்டே கவிதை ஒன்றை வாசித்தார்.

பிறகு மேபலோடு சேர்ந்து 1890 நவம்பரில் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். 500 பிரதி. இரண்டு ஆண்டுக்குள் பதினோரு முறை அச்சிட வேண்டியிருந்தது. கவிதைகளுக்குத் தலைப்பு வைத்தார்கள், எதுகையைச் செப்பனிட்டார்கள், கோடுகளைக் களைந்தார்கள். அது குற்றம்தான், ஜான்சன் 1955இல் மூலப் பாடத்தைக் கொண்டுவரும்வரை நீடித்த குற்றம். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஹிக்கின்சன் 1891 அக்டோபர் அட்லாண்டிக் மன்த்லியில் எமிலியின் கடிதங்களை வெளியிட்டு ஒரு கட்டுரை எழுதினார். உறைக்குள் இருந்த உறை, பென்சில் பெயர், லில்லி மலர் எல்லாம் நமக்குத் தெரிய வந்தது அதன் மூலம்தான். அதில் தம் யோசனைகள் எடுபடவில்லை என்பதையும், முப்பது வருஷம் கழித்தும் தாம் திகைத்துத்தான் நிற்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரைக் கேலி செய்ய விரும்புகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுச் செய்யட்டும்.